ஒரு குப்பியில் இருநூறு கோடி

மருந்துக் கடையில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாத சரக்கு சில உண்டு. காந்திபுரமோ, பொள்ளாச்சியோ, கோபியோ, தாராபுரமோ, எந்த ஊர்க் கடையில் போய் நின்று, "ஏனுங், கொழந்தைக்கு வவுத்தால போகுதுங், அந்தச் சின்ன பாட்டல் குடுங்" என்றாலும் போதும். எந்தப் பாட்டில் என்று கடைக்காரர் கேட்கமாட்டார். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் குப்பிகளின் வரிசையிலிருந்து இரண்டு மூன்றைப் பிய்த்துக் கொடுப்பார். எத்தனை மாதக் குழந்தை என்று விசாரிப்பவரும் உண்டு, விசாரிக்காதவரும் உண்டு.

அதன் பெயர் எண்டரோஜெர்மினா. ஒரு குப்பியில் ஐந்து மில்லி. கழுத்தைத் திருகினால் திறந்துகொள்ளும். உள்ளே இருப்பது பார்வைக்குத் தண்ணீர்தான். மணமில்லை, சுவையில்லை, குலுக்கினால் லேசாக வெண்மை தட்டும். சில குப்பிகளில் மெல்லிய துகள் மிதக்கும். மருந்து கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுகிறவர்களுக்குப் பதில் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலேயே இருக்கிறது: அது கெட்டுப்போன அடையாளமல்ல, உள்ளே இருப்பவை திரண்டு சேர்ந்ததுதான். உள்ளே இருப்பவை பாக்டீரிய வித்துகள். ஐந்து மில்லிக்குள் 200 கோடி. அதே தாளில் இன்னொரு கண்டிப்பும் உண்டு: வாய்வழியாக மட்டுமே கொடுக்க வேண்டும், ஊசியில் ஏற்றவே கூடாது. குப்பிக்கு ஊசி மருந்தின் சாயல் இருப்பதால் அந்த வரி அவசியமாகிறது.

இத்தாலியில் பிறந்த இந்தக் குப்பி கொங்கு வீட்டுத் தொட்டில் வரை வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் கிளம்பும்போது அதற்குக் கொடுத்தனுப்பிய வேலை ஒன்று. இங்கே வந்து அது பார்க்கிற வேலை வேறு. அந்த மாற்றம் எங்கே நடந்தது என்று பார்த்தால், கைக்குழந்தையின் வயிற்றைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி அதற்குள் வந்துவிடும்.

பிறந்த வீடு

எண்டரோஜெர்மினா இத்தாலியில் 1958இல் விற்பனைக்கு வந்தது. பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்பெனிகால், டெட்ராசைக்ளின் என்று ஆன்டிபயாடிக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மருத்துவமனைகளுக்குள் நுழைந்திருந்த காலம் அது. முன்பு உயிரைப் பறித்த தொற்றுகளிலிருந்து ஆட்கள் எழுந்து நடந்தார்கள். எழுந்தவர்களில் பலருக்கு வயிறு கெட்டது. மருந்துக்கு நோய்க்கிருமி எது, குடலில் காலம் காலமாகக் குடியிருக்கும் கிருமி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே அழித்தது.

இந்தச் சிக்கலுக்குத்தான் குப்பி பதில் சொல்ல வந்தது. ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களிலேயே கூடக் கொடுக்கும்படியாக, அந்த மருந்தில் சாகாத பாக்டீரியா வேண்டும். அதனால் குப்பிக்குள் நான்கு ரகங்களைச் சேர்த்தார்கள்: ஓ/சி, என்/ஆர், டி, எஸ்ஐஎன். ஓ/சி ரகம் குளோரம்பெனிகாலைத் தாங்கும். டி ரகம் டெட்ராசைக்ளினைத் தாங்கும். என்/ஆர் நோவோபயோசினையும் ரிஃபாம்பிசினையும், எஸ்ஐஎன் ஸ்ட்ரெப்டோமைசினையும் நியோமைசினையும் தாங்கும். மருந்தை எதிர்க்கும் கிருமியைக் குழந்தைக்குக் கொடுத்தால், அந்த எதிர்ப்புச் சக்தி குடலில் இருக்கும் கெட்ட கிருமிக்கும் தொற்றிக்கொள்ளாதா என்ற கேள்வி நியாயமானது. இந்த ரகங்களில் சோதித்துப் பார்த்த எதிர்ப்பு மரபணுக்கள் கிருமியின் முதன்மைக் குரோமோசோமிலேயே பதிந்திருக்கின்றன, எளிதில் கைமாறும் பிளாஸ்மிட் வளையங்களில் இல்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

பல ஆண்டுகள் லேபிளில் இருந்த பெயர் பேசில்லஸ் சப்டிலிஸ். 2000ஆம் ஆண்டை ஒட்டி மரபணுவைச் சோதித்தபோதுதான் உள்ளே இருப்பது பேசில்லஸ் கிளாசி என்று தெரிந்தது. அந்த இனத்துக்கு 1995இல்தான் தனிப் பெயர் வைத்திருந்தார்கள், ஜெர்மானிய நுண்ணுயிரியலாளர் டீட்டர் கிளாஸின் நினைவாக. நாற்பதாண்டுகளுக்கு மேல் வேறு பெயரில் விற்ற சரக்கு என்று சிரிக்கலாம். ஆனால் ப்ரோபயாடிக், அதாவது உடம்புக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமி, வாங்கும்போது ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும் என்று மருத்துவர்கள் இன்று சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கதைகள் உண்டு.

குழந்தையின் மலத்தில் தொடங்கிய ஆராய்ச்சி

ப்ரோபயாடிக் துறையின் வேர் குழந்தையின் துணியில் இருக்கிறது. 1885இல் மியூனிக் நகரில் தியோடர் எஷெரிஷ் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளம் குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து ஒரு கிருமியை விவரித்தார். இன்று ஈ.கோலை என்று நாம் சொல்வது அதைத்தான். நூற்றாண்டு திரும்பும் வேளையில், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஹென்றி டிஸ்ஸியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இரண்டாகக் கிளை பிரிந்த கிருமி ஒன்று மிகுந்திருப்பதைக் கண்டார். அதுதான் பிஃபிடோபாக்டீரியா. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளிடம் அது குறைந்திருந்ததால், அதையே மருந்தாகக் கொடுத்தால் என்ன என்றும் அவர் யோசித்தார். ப்ரோபயாடிக் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே யோசனை பிறந்துவிட்டது.

டிஸ்ஸியே கண்டதற்குக் காரணம் பின்னால்தான் விளங்கியது. தாய்ப்பாலில் லாக்டோஸும் கொழுப்பும் போக, திடப்பொருளில் மூன்றாவது பெரிய பங்கு சில சிக்கலான சர்க்கரைகளுடையது. அவற்றைச் செரிக்கும் நொதி குழந்தையிடம் இல்லை. செரிக்காத உணவைத் தாயின் உடம்பு மெனக்கெட்டுச் செய்வானேன்? குழந்தையின் பெருங்குடலில் இருக்கும் பிஃபிடோபாக்டீரியாவுக்காக. அவை அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்கும். அந்த அமிலச் சூழலில் நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு இடம் கிடைக்காது. ப்ரோபயாடிக்கும் அதற்கான தீனியும் ஒன்றாக வரும் ஏற்பாடு தாய்ப்பால்தான். கடையில் விற்கும் எதுவும் அதற்கு அடுத்த வரிசையில்தான் நிற்கும்.

வித்தாக வந்து சேர்ந்தது

பிஃபிடோபாக்டீரியாவுக்கும் தயிரில் வாழும் லாக்டோபேசில்லஸுக்கும் வெயில் ஆகாது. உயிரோடிருக்கும் செல்களாகவே அவற்றைக் கொண்டுபோக வேண்டும். உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்கினாலும் ஈரமும் சூடும் பட்டால் எண்ணிக்கை மளமளவென்று குறையும். பேசில்லஸ் குடும்பத்தின் வழி வேறு. தீனி தீர்ந்து காலம் கெடும்போது அந்தச் செல் தன் மரபுப் பொருளை உள்ளே சுருட்டி, சுற்றிலும் பல அடுக்கு ஓடு கட்டிக்கொண்டு, நீரை வெளியேற்றிவிட்டு, அடுத்த பட்டத்துக்கென்று எடுத்துவைத்த விதைச் சோளம்போல அசையாமல் கிடக்கும். இரைப்பையின் அமிலம் அதை ஒன்றும் செய்யாது. குடலுக்குள் போய் ஈரமும் சத்தும் கிடைத்ததும் ஓடு திறந்து மறுபடியும் செல்லாக எழுந்துகொள்ளும்.

மிலானுக்கு அருகே ஒரிஜ்ஜியோவில் இருக்கும் ஆலையிலிருந்து கொங்கு நாட்டுக் கடை வரை இந்தக் குப்பியால் வர முடிந்ததற்கு அந்த ஓடுதான் காரணம். 30 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று லேபிள் சொல்லும். பங்குனி, சித்திரையில் கோயம்புத்தூர் வெயில் அதைத் தாண்டிப் போகும் நாட்கள் நிறைய. ஆனாலும் குளிர்பெட்டி இல்லாமல், கரண்ட் போனால் பதறாமல், மொத்த வியாபாரியின் கிடங்கிலிருந்து டவுன் பஸ் பார்சலில் அன்னூருக்கும் காங்கேயத்துக்கும் அனுப்பக்கூடிய ப்ரோபயாடிக் வேறு எத்தனை இருக்கிறது? பொடியைக் கலக்க வேண்டாம், அளவு பார்க்க வேண்டாம், கொதித்த நீரைத் தேட வேண்டாம். திருகி ஊற்றினால் முடிந்தது. மருந்து பரவுவதற்கு அதன் குணம் மட்டும் போதாது, கையாளும் வசதியும் வேண்டும். இந்தக் குப்பிக்கு அந்த வசதி பிறவியிலேயே அமைந்திருந்தது.

தொட்டில் பக்கம் காலியாக இருந்த இடம்

குப்பி வந்தபோது கொங்கு வீடுகளில் குழந்தை வயிற்றுக்கென்று ஒரு இடம் ஏற்கெனவே இருந்தது. அந்த இடத்தின் சொந்தக்காரி அம்மிச்சி, அம்மாவின் அம்மா. பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண்ணின் குழந்தைக்கு உரை மருந்து உரசி ஊற்றுவது அவர் பொறுப்பு. சுட்ட வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, பெருங்காயம். ஒவ்வொன்றையும் கல்லில் எத்தனை சுற்று உரச வேண்டும் என்பது அவர் கை அறிந்த கணக்கு. அதைத் தாய்ப்பாலிலோ தேனிலோ குழைத்துச் சங்கில் ஊற்றுவார்கள். குழந்தை வீறிட்டு அழுதால் தொப்புளைச் சுற்றிப் பெருங்காயப் பற்று. மந்தமாக இருந்தால் ஓமத் தண்ணீர். வயிற்றால் போனால், "பல்லு மொளைக்குது கண்ணு, அதான்" என்ற சமாதானம். அதுவும் நிற்காவிட்டால் கொடலேத்தம் தட்டவும், தொக்கம் எடுக்கவும் ஆள் தேடிப் போவார்கள். தொண்டைக்குள் எதையும் விட்டு எடுக்காதீர்கள், வயிற்றை அழுத்தாதீர்கள் என்று மருத்துவர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது இந்தக் கடைசி இரண்டுக்காகத்தான்.

அம்மிச்சிக்குத் துணையாக வந்த முதல் பாட்டில் கிரைப் வாட்டர். 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்து வணிகர் செய்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், அந்தக் காலத்துச் சேர்மானத்தில் கொஞ்சம் சாராயமும். சென்னையின் டி.டி.கே. குழுமத்தின் கைக்கு வந்தபின் அது தமிழ்நாட்டு வீடுகளின் அலமாரியில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. அழுகிற குழந்தைக்கு அதைக் கொடுத்தால் அடங்கும் என்று மூன்று தலைமுறை நம்பியது. குழந்தை அடங்கியது பெரும்பாலும் அதன் இனிப்புக்காகவும், தூக்கி வைத்துக்கொண்ட தோளுக்காகவும்.

உரை மருந்தில் எல்லாமே கெடுதல் என்று சொல்ல முடியாது. எல்லாமே பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968லேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. அதைவிட உடனடியான ஆபத்து தேனில் இருக்கிறது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கக்கூடும். பெரியவர் குடலில் அது முளைக்க இடம் கிடைப்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் காவல் இன்னும் பலப்படாததால் அங்கே முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைத் தளர்த்தி, மூச்சு வரைக்கும் போய்விடும். இந்த நோயை 1976இல் கலிஃபோர்னியாவில் அடையாளம் கண்டார்கள். குப்பியில் வருவதும் வித்து, தேன் துளியில் வரக்கூடியதும் வித்து. ஒரே குடலில் இரண்டும் முளைக்கும். எந்த ரகம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு வயது வரை தேனைத் தொட்டு வைக்காதீர்கள் என்பதை அம்மிச்சியிடம் சண்டை போடாமல் எடுத்துச் சொல்ல இதுவே போதும்.

வீடுகளின் நடப்பும் மாறியது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைகளில் 44.9 சதவீதம் அறுவைசிகிச்சையில் பிறந்தவை. அப்படிப் பிறக்கும் குழந்தையின் குடலில் முதலில் குடியேறும் கிருமிகள் வேறாக இருக்கின்றன. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் சீக்கிரமே வேலைக்குத் திரும்பும் அம்மாக்கள் பால் பவுடரையும் பாட்டிலையும் நம்பியாக வேண்டியிருக்கிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் சிரப் எழுதுவதும் வாங்குவதும் சாதாரணமாகிவிட்டது. உரை மருந்து உரசக் கல்லும் இல்லை, உரசுகிற கையும் பக்கத்து வீட்டில் இல்லை. அந்த வெற்றிடத்தில் குப்பி வந்து உட்கார்ந்தது. ஆன்டிபயாடிக்குக்குத் துணையாகக் கிளம்பியது, எல்லா வயிற்றுத் தொந்தரவுக்கும் முதல் மருந்தாயிற்று.

கடையிலிருந்து வாய் வரை

பயணத்தின் மிகச் சிறிய பகுதி கடைக் கல்லாவிலிருந்து குழந்தையின் வாய் வரை. பிசகுகிற இடமும் அதுதான்.

வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு ஆபத்து வருவது கிருமியால் என்பதைவிட நீர் வற்றிப்போவதால். அதற்கு மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலாநபீஸ் வாளிகளில் கரைத்துக் கொடுத்துக் காலராவில் செத்துக்கொண்டிருந்தவர்களைப் பிழைக்க வைத்த அதே ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும், பாதி பாக்கெட் பாதி டம்ளர் என்று கண்ணளவில் அல்ல. கூடவே 14 நாளுக்கு ஜிங்க். ஆறு மாதத்துக்குக் கீழ் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைப்பவை. குப்பியோ காசுக்கு வருவது. காசு கொடுத்து வாங்கியதுதான் பெரிய மருந்து என்று மனம் எடை போட்டுவிடுகிறது.

"சின்ன பாட்டல் குடுத்தனுங், நிக்கவே இல்லீங்" என்று இரண்டாம் நாள் கண் குழிந்த குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வருபவர்களிடம் கேட்டால், ஓஆர்எஸ் கொடுத்தது பெயருக்கு இரண்டு ஸ்பூனாக இருக்கும். ஓஆர்எஸ் என்று பெரிய எழுத்தில் போட்ட, சர்க்கரை மிகுந்த டெட்ரா பாக்கெட் பானங்களை வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பெயரை அத்தகைய பானங்களின் மேல் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. கடையில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று பாக்கெட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சில வயிற்றுப்போக்கு வராமலேயே தடுக்கலாம். 2017இலிருந்து தமிழ்நாட்டில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசின் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது. 6, 10, 14 வாரங்களில் அதைப் போட்டுக்கொண்ட குழந்தைக்கு மோசமான வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பே குறைகிறது.

குப்பி செய்வதும் செய்யாததும்

அப்படியானால் குப்பி வீண்தானா? அப்படியும் இல்லை. குழந்தைகளின் திடீர் வயிற்றுப்போக்கில் பேசில்லஸ் கிளாசி பற்றிய ஆறு ஆய்வுகளின் 1,298 குழந்தைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. போக்கு நிற்பது சராசரியாக ஒன்பது மணி நேரம் முந்தியது. ஒன்பது மணி நேரம் ராத்திரி முழுக்கத் துணி மாற்றுகிற அம்மாவுக்குப் பெரிது, உயிர் காக்கும் கணக்கில் சிறிது. ஆய்வுகளின் தரம் போதாது என்று ஐரோப்பியக் குழந்தைக் குடல் மருத்துவர்களின் சங்கம் 2020இல் இந்த ரகங்களைப் பரிந்துரைக்கவில்லை. லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி, சாக்கரோமைசிஸ் பவுலார்டி போன்ற வேறு சிலவற்றுக்கே இடம் கொடுத்தது. அதில் பவுலார்டி ஓர் ஈஸ்ட். இந்தோசீனாவில் காலராக் காலத்தில் மக்கள் லிச்சி, மங்குஸ்தான் தோலைக் கொதிக்க வைத்துக் குடிப்பதைக் கண்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி பவுலார் 1920களில் பிரித்தெடுத்தது.

ஜிஜி ரகத்தை வேலூர் சிஎம்சியில் 124 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ரோட்டா வைரஸ் போக்கில் அதைப் பெற்றவர்களில் 25 சதவீதத்தினருக்கே மறுபடி வயிற்றுப்போக்கு வந்தது, பெறாதவர்களில் 46 சதவீதத்தினருக்கு. 2014இல் வெளிவந்த முடிவு இது. நான்கு ஆண்டு கழித்து அமெரிக்காவில் அதே ஜிஜியை 971 குழந்தைகளிடம் சோதித்தபோது வெறும் பொடிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. இரண்டும் முறையாக நடந்த ஆய்வுகள். சத்துக்குறைவும் திரும்பத் திரும்ப வரும் தொற்றும் உள்ள ஊரின் குடலும், அவை இல்லாத ஊரின் குடலும் ஒன்றல்ல என்பது ஒரு விளக்கம்.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. ப்ரோபயாடிக்குகளுக்கு வலுவான சான்று இருப்பது குப்பி பிறந்த அந்தப் பழைய வேலையில்தான். ஆன்டிபயாடிக் எடுக்கும் குழந்தைகளைப் பற்றிய 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பில், ப்ரோபயாடிக் சேர்த்துக் கொடுத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும், கொடுக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. அந்த நன்மை முக்கியமாக ஜிஜிக்கும் பவுலார்டிக்கும் உரியது. அந்த வேலையை முதலில் கையிலெடுத்த குப்பி, இங்கே வந்து வேறு வேலைக்குப் போய்விட்டது.

அழுகைக்கு வேறு ஆள்

வயிற்றால் போகாமலேயே அந்தி நேரத்தில் முகம் சிவக்க, காலை மடக்கிக்கொண்டு மணிக்கணக்கில் அழும் குழந்தை வேறு ரகம். கோலிக் என்கிறார்கள். ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். அதற்கும் இந்தக் குப்பியையே வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வேலைக்குச் சோதித்துப் பார்த்தது லாக்டோபேசில்லஸ் ரூட்டெரியை. 1990இல் பெரு நாட்டு ஆண்டஸ் மலைப்பகுதியில் ஒரு தாயின் பாலிலிருந்து எடுத்த ரகம் ஸ்வீடனுக்குப் போனது. அதில் டெட்ராசைக்ளினையும் லின்கோமைசினையும் எதிர்க்கும் மரபணுக்கள் இரண்டு பிளாஸ்மிட்களில் இருந்தன. கைமாறக்கூடியவை என்பதால் அவற்றை நீக்கிவிட்டு, டிஎஸ்எம் 17938 என்ற மகளை உருவாக்கினார்கள். இத்தாலியக் குப்பிக்காக எதிர்ப்புச் சக்தியைத் தேடிச் சேர்த்தார்கள், ஸ்வீடன் சொட்டு மருந்துக்காக அதைத் தேடி எடுத்து எறிந்தார்கள். இரண்டும் குழந்தைக்காகத்தான்.

2007இல் இத்தாலியின் டுரினில் தாய்ப்பால் குடிக்கும் 83 குழந்தைகளிடம் பழைய ரூட்டெரி ரகத்தைச் சோதித்தார்கள். 28ஆம் நாள் அழுகை ஒரு நாளைக்கு 51 நிமிடமாக இறங்கியது. வாயு நீக்கும் சிமெதிக்கோன் பெற்ற குழந்தைகள் 145 நிமிடம் அழுதார்கள். 2014இல் மெல்போர்னில் 167 குழந்தைகளிடம் மகள் ரகத்தைச் சோதித்தபோது பலனில்லை. அங்கே புட்டிப்பால் குடிப்பவர்களும் சேர்ந்திருந்தார்கள். நான்கு நாடுகளின் 345 குழந்தைகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது தெளிவு பிறந்தது: தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் அழுகை குறைகிறது, புட்டிப்பால் குழந்தையிடம் அந்தப் பலன் தென்படவில்லை.

ஒடிசாவின் கிராமங்களில் நடந்ததோ இன்னும் பெரிய செய்தி. புதிதாய்ப் பிறந்த 4,556 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, லாக்டோபேசில்லஸ் பிளான்டாரத்தின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை அதன் தீனியான சர்க்கரையோடு சேர்த்து ஏழு நாள் கொடுத்தார்கள். இரத்தத்தில் நச்சுத் தொற்றும் மரணமும் சேர்ந்த விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆயிற்று. 2017இல் நேச்சர் இதழில் வந்த அந்த ஆய்வில் கொடுத்ததும் நல்ல பாக்டீரியாதான். ஆனால் நம் கடையில் பெயர் சொல்லாமல் வாங்கும் பாக்டீரியா அதுவல்ல.

யாருக்குக் கூடாது

உயிருள்ள பொருள் என்பதால் உடம்பு பலவீனமாக இருக்கும் இடத்தில் எச்சரிக்கை வேண்டும். 2014இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் குறைமாதக் குழந்தை ஒன்று, ப்ரோபயாடிக் பொடியில் கலந்திருந்த பூஞ்சையால் இறந்தது. 2023இல் இன்னொரு குறைமாதக் குழந்தையின் மரணத்துக்குப் பின், குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவமனைகளை எச்சரித்தது. பேசில்லஸ் கிளாசி இரத்தத்தில் கலந்து தொற்றான பெரியவர் ஒருவரைப் பற்றிச் சென்னை மருத்துவர்கள் 2020இல் எழுதியிருக்கிறார்கள். இவை அபூர்வம். நிறைமாதத்தில் பிறந்து நன்றாக இருக்கும் குழந்தையைப் பற்றிப் பயப்பட ஏதுமில்லை. குறைமாதம், எடைக் குறைவு, இதயக் கோளாறு, இரத்தக் குழாயில் செருகிய டியூப் என்றிருந்தால் மருத்துவர் சொல்லாமல் எதையும் ஊற்றக் கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று: இனப் பெயரோடு ரகத்தின் பெயர், கோடிக்கணக்கில் எண்ணிக்கை, காலாவதித் தேதி. 2011இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளியிட்ட நெறிமுறை லேபிளில் எதிர்பார்ப்பதும் இவற்றைத்தான். "அதே ஐட்டம்தானுங், கம்பெனி மட்டும் வேற" என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டினால், ரகத்தின் பெயரை ஒப்பிடுங்கள். பாராசிட்டமால் எந்தக் கம்பெனியிலும் பாராசிட்டமால்தான். பாக்டீரியாவில் அந்தக் கணக்கு செல்லாது. வீட்டுத் தயிர் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நல்ல உணவு, அதைச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். அதில் எந்த ரகம் எத்தனை இருக்கிறதென்று யாரும் எண்ணியதில்லை என்பதால் அதை மருந்துக் கணக்கில் சேர்க்க முடியாது.

குழந்தையின் வயிற்றுக்குள் போன 200 கோடியும் அங்கேயே குடியேறிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். ஒரே தடவை கொடுத்துப் பின்தொடர்ந்த ஆய்வில், இந்த ரகங்கள் முளைத்துச் சில நாள் தங்கி, அதிகபட்சம் பன்னிரண்டு நாளுக்குள் மலத்தோடு வெளியேறிவிட்டன. ஒரிஜ்ஜியோவில் தொடங்கிய பயணம் முடிவது குழந்தையின் துணியில். நல்ல கிருமிகளை நிரந்தரமாகக் குடலில் குடியேற்றும் வேலையைத் தாய்ப்பாலும், பிறகு வீட்டுச் சோறும்தான் செய்கின்றன.

ஆகவே குப்பியைத் திருகுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "இது எதுக்குங்க? எத்தனை நாளைக்குங்க?" ஆன்டிபயாடிக்குக்குத் துணையாக என்றாலோ, போக்கைக் கொஞ்சம் சுருக்க என்றாலோ கொடுக்கலாம். எல்லாருந்தான் கொடுக்கிறார்கள் என்பது பதிலென்றால், அந்தக் காசில் ஓஆர்எஸ் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.